மார்ச் 17-க்குத் திடீரென்று அயர்லாந்து: ஐவர், இரண்டு வகைப் பாஸ்போர்ட்

கொங்குக்காற்று:
அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் லெஸ்டரில் ஒரே வீட்டில் குடியிருக்கும் நாங்கள் ஐவர், நேற்று இரவுச் சாப்பாட்டின்போது எழுந்த பேச்சு முற்றிப்போய், வரும் செவ்வாய்க்கிழமை, அயர்லாந்தின் தேசிய விழாவான புனித பேட்ரிக் நாளுக்கு, அங்கே போவதென்று முடிவு செய்துவிட்டோம். முன்கூட்டியே திட்டமிட்ட பயணம் எதுவும் எங்கள் கூட்டத்தில் இதுவரை நடந்தேறியதில்லை என்பதால், இந்த முறை திட்டமே இல்லாமல் கிளம்பிப் பார்க்கலாம் என்பதுதான் வாதம்.

ஐவரில் இருவர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்கள். மற்ற மூவரும் இந்திய பாஸ்போர்ட்டில், இங்கே வேலை விசாவில் இருக்கிறோம். டப்ளின் அணிவகுப்பை நேரில் பார்க்க வேண்டும் என்பது எல்லோருடைய ஆசை. விமானக் கட்டணம் ஏற்கெனவே ஏறிவிட்டது, தங்கும் விடுதிகளின் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. வேல்ஸிலுள்ள ஹோலிஹெட் துறைமுகம் போய்க் கப்பல் ஏறலாம் என்கிறான் ஒருவன். இவ்வளவு குறுகிய அவகாசத்தில் இது நடக்கக்கூடியதா, அந்த நாளில் அங்கே உண்மையில் என்ன நடக்கிறது, மதுவைத் தொடாத எங்களில் இருவருக்கு அங்கே என்ன வேலை என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மழைத்துளி (டப்ளின்):
தம்பி, விடுதி விலையைப் பார்ப்பதற்கு முன்னால் விசாவைப் பாருங்கள். அயர்லாந்து தனி நாடு. பிரிட்டனின் விசா அதற்குச் செல்லாது, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவும் செல்லாது. இரு நாடுகளுக்கும் இடையே பொதுப் பயணப் பகுதி என்ற ஏற்பாடு இருப்பது உண்மைதான், ஆனால் அது பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்களுக்கு உரிய சலுகை. பிரிட்டனில் வேலை விசாவிலோ படிப்பு விசாவிலோ இருக்கும் இந்தியர்கள் டப்ளினுக்கு வர வேண்டுமானால் தனியாக ஐரிஷ் விசா எடுத்தாக வேண்டும், அதற்குப் பல வாரங்கள் பிடிக்கும்.

இங்கே பலரும் குழம்புவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குச் சுற்றுலா விசாவில் வருகிறவர்கள், பிரிட்டனில் இறங்கிய பிறகு அதே விசாவைக் கொண்டு அயர்லாந்துக்கும் வருவதற்கு 2011 முதல் ஒரு விலக்குத் திட்டம் உண்டு. ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு யாராவது டப்ளின் வந்திருப்பார்கள், அதைக் கேட்டவர்கள் தங்களுக்கும் அது பொருந்தும் என்று எண்ணிவிடுவார்கள். அங்கேயே வசிப்பவர்களுக்கு அது பொருந்தாது. பெற்றோரை அனுமதித்து மகனை நிறுத்திவிடும் விசித்திரமான விதி, ஆனால் விதி அதுதான்.

ஆகவே உங்களில் இருவர் மட்டுமே செவ்வாய்க்கிழமை டப்ளினில் நிற்க முடியும். அந்த இருவருக்கும் ஒரு செய்தி: லண்டனோ லெஸ்டரோ, எந்த ரயில் நிலையத்திலிருந்தும் ரயிலும் கப்பலும் சேர்ந்த ஒரே பயணச்சீட்டு கிடைக்கும். அதன் விலை நிலையானது, விமானக் கட்டணம்போலக் கடைசி நேரத்தில் ஏறாது. ஹோலிஹெட்டிலிருந்து டப்ளின் துறைமுகத்துக்கு ஏறத்தாழ மூன்றே கால் மணி நேரம்.

கடலோடி:
இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. வட அயர்லாந்தின் தலைநகர் பெல்பாஸ்ட் வரை உள்நாட்டு விமானத்தில் போங்கள், அங்கிருந்து டப்ளினுக்கு மணிக்கொரு முறைக்குக் குறையாமல் பேருந்து இருக்கிறது. எல்லையில் சாவடி இல்லை, கம்பி இல்லை, காவலர் இல்லை. வேக வரம்புப் பலகைகள் மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறுவதைக் கவனித்தால்தான் நாடு மாறியதே தெரியும். எனக்குத் தெரிந்தவர்கள் பலர் இப்படிப் போய் வந்திருக்கிறார்கள்.

தாமிரபரணி (பெல்பாஸ்ட்):
கடலோடி அண்ணனின் ஆலோசனையைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். சாவடி இல்லை என்பதும் சட்டம் இல்லை என்பதும் வெவ்வேறு. ஐரிஷ் காவல் துறையினர், அதாவது கார்டாக்கள், எல்லை தாண்டி வரும் பேருந்துகளையும் ரயில்களையும் அவ்வப்போது நிறுத்தி ஆவணங்களைச் சரிபார்க்கிறார்கள். விசா இல்லாதவர்களை இறக்கித் திருப்பி அனுப்புகிறார்கள். அதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. 'எந்த நாட்டிலாவது உங்களுக்கு நுழைவு மறுக்கப்பட்டதுண்டா' என்ற கேள்வி, பிரிட்டனில் நீங்கள் இனிமேல் நிரப்பப்போகும் ஒவ்வொரு குடியேற்றப் படிவத்திலும் காத்திருக்கிறது. ஒரு நாள் கொண்டாட்டத்துக்காக நிரந்தர வசிப்புரிமையைப் பணயம் வைப்பது எந்த வகையிலும் அறிவுடைமை ஆகாது.

ஆனால் ஐவரும் சேர்ந்து போகக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது, அதை இங்கே யாரும் சொல்லாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது, உங்கள் வேலை விசா இங்கே முழுமையாகச் செல்லும். மார்ச் 17 இங்கிலாந்தில் வேலை நாள், இங்கே அரசு விடுமுறை. எல்லாவற்றுக்கும் மேலாக, பேட்ரிக் என்ற மனிதரோடு மரபு தொடர்புபடுத்தும் முதன்மையான இடங்களில் பல வடக்கில்தான் இருக்கின்றன. அவர் ரோமானியப் பிரிட்டனில் பிறந்தவர். பதினாறு வயதில் கடற்கொள்ளையரால் பிடிக்கப்பட்டு, அடிமையாக ஆறு ஆண்டுகள் ஆடு மேய்த்தவர். அவர் மேய்த்ததாகச் சொல்லப்படும் ஸ்லெமிஷ் குன்று ஆன்ட்ரிம் மாவட்டத்தில், பாலிமீனாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 437 மீட்டர் உயரந்தான். ஆண்டுதோறும் மார்ச் 17 அன்று மக்கள் அதில் ஏறுகிறார்கள். தப்பியோடிய பிறகு கிறிஸ்தவ மறைபரப்பாளராகத் திரும்பி வந்து முதன்முதலில் வழிபாடு நடத்தியதாக நம்பப்படும் இடம் சால் என்ற சிற்றூர். அவருடையதாக நம்பப்படும் கல்லறை டவுன்பேட்ரிக் நகரத்தில் இருக்கிறது. அர்மாவில் எதிரெதிர்க் குன்றுகளில் இரண்டு பேராலயங்கள் நிற்கின்றன. ஒன்று கத்தோலிக்கருடையது, மற்றது புராட்டஸ்டண்ட் திருச்சபையுடையது, இரண்டுக்குமே அவர் பெயர்தான்.

கடலோடி:
சட்ட விஷயத்தில் தாமிரபரணி சொல்வதை ஏற்கிறேன், என் ஆலோசனையை விட்டுவிடுங்கள். ஆனாலும் ஓர் ஐயம். தேசிய விழாவைப் பார்க்கக் கிளம்பியவர்களை, அந்தத் தேசத்துக்கு வெளியே உள்ள ஊருக்கு அனுப்பலாமா? டப்ளின் ஓகானல் தெருவில் நின்று பார்ப்பதுதான் விழா. கல்லறையைப் பார்ப்பது தல யாத்திரை. பையன்கள் கேட்டது முதலாவதை.

குருநகரான் (ஹறோ, லண்டன்):
இந்த இழையில் எனக்கும் ஓர் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் 1850 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட புனித பத்திரிசியார் (பேட்ரிக்கைத்தான் நாங்கள் அப்படி அழைப்போம்) கல்லூரியின் பழைய மாணவன் நான், ஆகவே மார்ச் 17 எங்களுக்குச் சிறு வயதிலிருந்தே தெரிந்த நாள்.

கடலோடி அவர்கள் டப்ளின் ஊர்வலத்தையே விழாவின் உயிர் என்று கருதுகிறார். வரலாறு அவ்வளவு நேராக இல்லை. இந்த நாள் அயர்லாந்தில் அரச விடுமுறையாக ஆக்கப்பட்டது 1903 இல், அதாவது நாடு விடுதலை அடைவதற்கு முன்னர், பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் மூலம். அதே ஆண்டில் வாட்டர்ஃபோர்ட் நகரில் ஊர்வலம் நடந்தது. டப்ளினில் அரசு ஆதரவுடன் முதல் ஊர்வலம் நடந்தது 1931 இல்தான். நியூயோர்க்கிலோ 1762 இலேயே ஐரிஷ்காரர் ஊர்வலம் போயிருக்கிறார்கள். நாட்டை விட்டுப் போனவர்கள் வெளியில் வளர்த்த விழா, பின்னர் தாய்நாட்டுக்குத் திரும்பி வந்தது. புலம்பெயர்ந்த எங்களுக்கு இது விளங்காத விடயமல்ல.

மதுவைப் பற்றிக் கேட்ட பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி. 1927 இல் வந்த சட்டத்தின்படி மார்ச் 17 அன்று நாடு முழுவதும் மதுபானசாலைகள் பூட்டப்பட்டிருந்தன. 1960 களின் தொடக்கம் வரை அந்நிலை நீடித்தது. அந்த நாளில் டப்ளினில் சட்டப்படி மது கிடைத்த இடம் நாய்க் கண்காட்சி என்பதால், நாயைத் திரும்பியும் பார்க்காத பலர் அங்கே கூடியதாகச் சொல்வார்கள். இன்று நாங்கள் காணும் பல நாள் திருவிழாவை அரசாங்கம் உருவாக்கி நடத்தத் தொடங்கியது 1996 இலிருந்துதான். ஆகவே பச்சைத் தொப்பிக் கூட்டம் மிகப் பழைய மரபு, டவுன்பேட்ரிக் வெறும் யாத்திரை என்று பிரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வயதில் மூத்தது யாத்திரைதான்.

மழைத்துளி (டப்ளின்):
குருநகரான் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் டப்ளினுக்காகவும் யாராவது பேச வேண்டும் அல்லவா?

அணிவகுப்பு நண்பகல் 12 மணிக்கு பார்னெல் சதுக்கத்திலிருந்து கிளம்புகிறது. ஓகானல் தெருவில் இறங்கி, லிஃபி ஆற்றுப் பாலத்தைக் கடந்து, டிரினிட்டி கல்லூரி வாசலில் திரும்பி, டேம் தெரு வழியாகக் கிறைஸ்ட்சர்ச் ஏறி, புனித பேட்ரிக் பேராலயத்தின் பக்கமாக முடியும். பத்து மணிக்கே தடுப்புக் கம்பியைப் பிடித்து நிற்காவிட்டால் முன்னால் நிற்பவர்களின் முதுகைத்தான் பார்க்க முடியும். விவரம் தெரிந்த டப்ளின் குடும்பங்கள் வீட்டில் பரணுக்கு ஏறும் மடக்கு ஏணியையே தூக்கிக்கொண்டு வந்து பிள்ளைகளை மேல்படியில் உட்கார வைத்துவிடுவார்கள். அமெரிக்கப் பள்ளி, கல்லூரிகளின் வாத்தியக் குழுக்கள் வரும். மார்ச் மாதத்துக் காற்றில், பத்து டிகிரிக்கும் குறைந்த குளிரில், அரைக்கால் உடையோடு பித்தளைக் கருவிகளை ஊதிச் செல்லும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு கம்பளி கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும்போல் இருக்கும். கால்வேயிலிருந்து வரும் மக்னாஸ் குழுவின் ராட்சத உருவங்கள் கலந்துகொள்ளும் ஆண்டுகளில், அவற்றைப் பார்ப்பதற்காகவே போகலாம்.

டேம் தெருவில் நிற்பவர்கள் ஒரு நிமிடம் டப்ளின் கோட்டையின் பக்கம் திரும்பிப் பாருங்கள். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1913-இல் அந்தக் கோட்டையின் சன்னல்களை உடைத்துச் சிறை சென்றவர்களில் ஒருவர் மார்கரெட் கசின்ஸ். அவரே 1915-இல் சென்னைக்கு வந்து, அடையாற்றில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார், மதனப்பள்ளியில் ஜன கண மனவின் இசையைச் சுரப்படுத்த உதவினார், கடைசியில் அடையாற்றிலேயே காலமானார். நம் ஊர்க்காரர்கள் மதுக்கூடங்கள் நிறைந்த டெம்பிள் பார் பகுதியில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள், இதை யாரும் பார்ப்பதில்லை.

டெம்பிள் பார் என்றதும் சொல்லிவிடுகிறேன்: அங்கே ஒரு பைண்ட் பியரின் விலை ஊரில் மற்ற இடங்களைவிட அதிகம், கூட்டமும் பெரும்பாலும் வெளியூர்க் கூட்டம். இசை கேட்க வேண்டுமானால் ஸ்மித்ஃபீல்டில் உள்ள காபிள்ஸ்டோன் போன்ற இடத்துக்குப் போங்கள். மூலையில் ஒரு மேசையைச் சுற்றி ஃபிடில், குழல், போரான் என்ற தோல் பறை, முழங்கையால் காற்றடிக்கும் இல்லன் பைப் ஆகியவற்றோடு கலைஞர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மேடை கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. அந்த மேசையின் நாற்காலிகளில் மற்றவர்கள் உட்காரக்கூடாது. மெதுவான பாட்டு ஒன்றை ஒருவர் தனியாகப் பாடத் தொடங்கினால் மொத்தக் கூடமும் வாயை மூடிக்கொள்ளும். நம் கச்சேரிகளில்கூட அவ்வளவு அமைதியை நான் கண்டதில்லை. மது அருந்தாதவர்கள் எலுமிச்சைச் சோடாவோ மதுச்சத்து நீக்கிய கின்னஸ் பியரோ கேட்டால் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. ஆனால் நண்பர்கள் கூட்டமாகப் போனால் ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் வாங்கித் தருவது இந்த ஊர் முறை. உங்கள் முறை வரும்போது மாயமாகிவிட்டால் அதை மறக்கவே மாட்டார்கள்.

கொங்குக்காற்று:
எல்லோருக்கும் நன்றி. வீட்டில் மறுபடியும் கூடிப் பேசினோம். இருவர் டப்ளினுக்கும் மூவர் பெல்பாஸ்டுக்கும் என்று பிரிந்து போவதற்கு, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் இருவருமே சம்மதிக்கவில்லை. ஐவரும் வடக்கே போகிறோம். ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்திலிருந்து பெல்பாஸ்டுக்கு இடம் கிடைத்துவிட்டது. தாமிரபரணி அண்ணா, விடுமுறை நாளில் டவுன்பேட்ரிக் போக வண்டி இருக்குமா? அங்கே நாங்கள் கவனமாக இருக்க வேண்டிய விஷயம் ஏதாவது உண்டா?

தாமிரபரணி (பெல்பாஸ்ட்):
புதிய கிராண்ட் சென்ட்ரல் நிலையத்திலிருந்து டவுன்பேட்ரிக்குக்குப் பேருந்து உண்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அன்று விடுமுறைக் கால அட்டவணைதான் ஓடும் என்பதால் திரும்பி வரும் கடைசி வண்டியின் நேரத்தை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். குடை எடுத்து வராதீர்கள், காற்று அதைத் திருப்பிவிடும். மழைச்சட்டையும் ஈரம் புகாத காலணியும் போதும். உள்நாட்டு விமானமாக இருந்தாலும் மூவரும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.

கவனமாக இருக்க வேண்டியது கொடி விஷயத்தில். டப்ளினில் மூவண்ண ஐரிஷ் கொடியைப் போர்த்திக்கொண்டு நடந்தால் அது கொண்டாட்டம், பெல்பாஸ்டின் சில தெருக்களில் அதுவே அரசியல். இங்கே ஒரு பகுதி மக்களுக்கு இந்த நாள் தேசிய நாள், இன்னொரு பகுதியினருக்கு ஒரு புனிதரின் திருநாள் மட்டுமே. டவுன்பேட்ரிக்கில் கல்லறை இருக்கும் பேராலயம் புராட்டஸ்டண்ட் திருச்சபையைச் சேர்ந்தது, ஆனால் கத்தோலிக்கர்களும் அங்கே வந்து வணங்குகிறார்கள். ஊர்வலத்தையும் இரு தரப்பாரும் சேர்ந்தே நடத்துகிறார்கள். ஆகவே பச்சைச் சட்டையும் சட்டைப்பையில் ஷாம்ராக் எனும் மூவிலைத் தழை ஒரு கொத்தும் போதும், கொடி வேண்டாம்.

கொங்குக்காற்று:
நேற்று இரவு வீடு திரும்பினோம். கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள் என்ற பெயர் வேண்டாம் என்பதற்காக விரிவாகவே எழுதுகிறேன்.

காலையில் பெல்பாஸ்டில் தூறல், டவுன்பேட்ரிக்கில் வெயில், சாலில் மறுபடியும் மழை. சாலில் இப்போது நிற்கும் ஆலயம் 1932-இல் கட்டப்பட்டதாம். பேட்ரிக் வந்து இறங்கியதாக மரபு சொல்லும் 432-ஆம் ஆண்டிலிருந்து 1500 ஆண்டுகள் நிறைந்ததன் நினைவாக எழுப்பியிருக்கிறார்கள். சாம்பல் நிறக் கல்லில், பக்கத்தில் ஒல்லியான வட்டக் கோபுரத்தோடு, நம் கிராமத்துத் தொடக்கப் பள்ளியைவிடச் சிறிய கட்டடம். அங்கிருந்து டவுன்பேட்ரிக் பேராலயம் வரை இரண்டு மைலுக்கு மக்கள் நடந்து போகிறார்கள், நாங்களும் கூடவே நடந்தோம். பாதிரியார்கள், பள்ளிப் பிள்ளைகள், தள்ளுவண்டியில் குழந்தையோடு தாய்மார்கள், சேறு படிந்த நாய்கள் எல்லாம் கலந்த கூட்டம். எங்களைப் பார்த்து எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்காதவர்கள் இல்லை. லெஸ்டர் என்றால் சிரித்துவிட்டு, அதற்கு முன்னால் எங்கிருந்து என்று விடாமல் கேட்டார்கள். பொள்ளாச்சியின் வெயிலைப் பற்றி அந்த மழையில் விளக்க வேண்டியதாயிற்று.

கல்லறை பேராலயத்துக்கு வெளியே, மரத்தடியில் இருக்கிறது. அலங்காரம் எதுவும் இல்லாத பெரிய கருங்கல் பலகை ஒன்றில் சிலுவையும் பேட்ரிக் என்ற பெயரும் மட்டும் செதுக்கியிருக்கிறது. பக்கத்தில் நின்ற ஒரு மூதாட்டி, அந்தக் கல் 1900-இல்தான் வைக்கப்பட்டது என்றார். அதற்கு முன்னால் அமெரிக்காவுக்குக் கப்பலேறப் போனவர்கள் ஆளுக்கொரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு போனதால் அந்த இடம் குழியாகிவிட்டதாம், அதைத் தடுப்பதற்காகவே மோர்ன் மலையிலிருந்து கல்லைக் கொண்டுவந்து மேலே போட்டார்களாம். அவர் அதைச் சொல்லும்போதே ஒரு சிறுவன் கல்லின் விளிம்பில் விரலால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

ஊர்வலம் தொடங்கும் வரை நேரம் இருந்ததால், ஊருக்கு வெளியே ஸ்ட்ரூயல் என்ற பள்ளத்தில் உள்ள புனிதக் கிணறுகளுக்கு நடந்தோம். இதை எந்தப் பயணக் கையேட்டிலும் நாங்கள் படித்திருக்கவில்லை, பேராலயத்தில் ஒருவர் வழி சொன்னார். குடிக்க ஒரு கிணறு, கண்ணைக் கழுவ ஒரு கிணறு, ஆண்கள் குளிக்க ஒரு கல் அறை, பெண்களுக்குத் தனியாக ஒன்று. ஒரே ஓடை நிலத்தடியில் ஒவ்வொன்றிலும் புகுந்து வெளியேறுகிறது. ராமேஸ்வரத்தில் ஒவ்வொரு தீர்த்தமாக நனைந்துகொண்டே போவதைப் போன்ற ஏற்பாடு, வாளியும் கூட்டமும் மட்டும் இல்லை. கண் கிணற்றின் கல் கூரை இடுப்பளவுதான் இருந்தது, குனிந்து கையை விட்டால் குளிர் மணிக்கட்டு வரை சுரீரென்று ஏறியது. எங்கள் கூட்டத்தின் ஒரே நாத்திகன்தான் முதலில் முகம் கழுவினான். கண்ணாடியின் பவர் குறைகிறதா பார்க்கலாம் என்று காரணம் சொன்னான்.

பிற்பகல் ஊர்வலத்தில் பள்ளிகளின் வாத்தியக் குழுக்கள், உள்ளூர் விளையாட்டுக் கழகங்கள், துறவி வேடத்தில் தாடி ஒட்டிய ஒருவர் என்று வரிசையாக வந்தார்கள். வேடிக்கை பார்ப்பவர்களும் ஊர்வலத்தில் வருபவர்களும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதால் ஊர்வலம் அடிக்கடி நின்று நின்று போனது. மாலையில் பெல்பாஸ்டில் இசைக்கும் இடம் ஒன்றில் உட்கார்ந்தோம். மழைத்துளி அக்கா சொன்ன அந்த அமைதியை அங்கே நேரில் கண்டோம். குடிக்காத இருவரும் தங்கள் முறை வந்தபோது தவறாமல் வாங்கித் தந்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

கடலோடி:
நன்றாக எழுதியிருக்கிறீர்கள், படித்ததும் எனக்கும் அந்தக் கிணற்றைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் என் கட்சி மாறவில்லை. ஒரு தலைநகரம் முழுவதும் வீதியில் இறங்கி நிற்பதை டவுன்பேட்ரிக்கில் பார்க்க முடியாது.

கொங்குக்காற்று:
அதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம், டப்ளின் ஆசை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. 2027-இல் மார்ச் 17 புதன்கிழமை வருகிறது. மூவரும் ஐரிஷ் விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம், அக்கா?

மழைத்துளி (டப்ளின்):
பயணத் தேதிக்கு மூன்று மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், ஆகவே டிசம்பர் நடுவில் இணையப் படிவத்தை நிரப்பிவிடுங்கள். வேலைக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், பிரிட்டனில் தங்கும் உரிமைக்கான சான்று, தங்குமிடத்தின் விவரம் எல்லாம் கேட்பார்கள். விடுதியை அதற்கு முன்பே, கட்டணமின்றி ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்துகொள்ளுங்கள். பிப்ரவரிக்குப் பிறகு பார்த்தால் மறுபடியும் தலை சுற்றும். எங்கள் வீட்டுக் கூடத்தில் இருவர் படுக்க இடம் உண்டு. அந்த இருவர் யார் என்பதை உங்களுக்குள் சண்டையில்லாமல் முடிவு செய்துகொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.